பஞ்சடைத்த ஏ.சி.

வீட்டில் அடுப்பு எரிவதும் காருக்குள் ஏ.சி. ஓடுவதும் ஒரே கேஸால்தான் என்று ஐம்பத்திரண்டு வயதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அடுப்புக்குப் போனால் சுடும், காருக்குப் போனால் குளிரும், நடுவில் ஏதோ ஒரு மெஷின் அதைத் திருப்பிவிடுகிறது. இதுதான் என் விஞ்ஞானம். யாரிடமும் கேட்டுச் சரிபார்க்கத் தோன்றவில்லை. தெரிந்த விஷயத்தை எவனாவது போய்க் கேட்பானா?

சும்மா நம்பிக்கை இல்லை, அனுஷ்டானத்தோடு கூடிய நம்பிக்கை. டேஷ்போர்டில் இருக்கும் பிள்ளையாருக்குப் பூ உண்டு, ஊதுபத்தி கிடையாது. ஆயுத பூஜை அன்றைக்குக்கூடச் சூடத்தைப் பத்தடி தள்ளி நின்றுதான் காட்டுவேன். பிள்ளையார் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். காலையில் வண்டியை எடுக்குமுன் நான்கு கதவையும் திறந்துவைத்து, தலையை உள்ளே விட்டு, மூக்கைச் சுளித்து மோந்து பார்ப்பேன். என் மனைவி வாசற்படியில் நின்று, "என்ன, உத்தரவு கிடைச்சுட்டா?" என்பாள். வாய் சும்மா இருக்காது அவளுக்கு. அந்த வாயை நம்பித்தான் நான் இருபத்தைந்து வருஷம் குடும்பம் நடத்தினேன் என்பது அது மூடிக்கொண்ட பிறகுதான் தெரிந்தது.

கார் என் அப்பா வாங்கியது. மொழுமொழுவென்ற முகம், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர், முன்னால் இருவர் நடுவில் தடுப்பில்லாமல் பெஞ்சு மாதிரி ஒரே சீட்டு. சாவித் துவாரம் டேஷ்போர்டின் நடுவில். கல்யாண ஊர்வலத்துக்கும் போட்டோவுக்கும் கேட்டு ஆள் வருகிற அளவுக்கு இப்போது பழசாகிவிட்டது. ஏ.சி. அதன் கூடவே பிறந்ததில்லை. பிற்பாடு மதுரையில் ஒரு பட்டறையில் டேஷ்போர்டுக்குக் கீழே டிரங்குப் பெட்டி போல மாட்டிவிட்டது. குளிரைவிடச் சத்தம் அதிகம். வேண்டும்போது போடுவோம், போட்டால் ஓடும், அவ்வளவுதான் எங்களுக்குள் உறவு.

போன வருஷம் மாசியில் மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். மதுரையில் ஆபரேஷன் செய்து கிண்ணத்தையும் பந்தையும் புதிதாக வைத்துத் தைத்து அனுப்பினார்கள். டாக்டர் ஒரே ஒரு சட்டம் போட்டார்: உட்காரும்போது முட்டி இடுப்பைவிட உயரக் கூடாது. உயர்ந்தால் வைத்த பந்து கழன்றுவிடும். இந்தச் சட்டத்தோடு ராஜபாளையத்தில் இருக்கிற எல்லா டாக்சியையும் பார்த்துவிட்டேன். இந்தக் காலத்துக் கார்களில் சீட்டில் உட்காருவது என்பது குழிக்குள் இறங்குவது. வேனில் ஏற முடியாது. ஆட்டோவில் தூக்கிப் போடும். கடைசியில் வீட்டுக்குப் பின்னால் என் தறிக் கொட்டகை ஓரம் நின்ற அப்பாவின் கார்தான் சரிப்பட்டது. கதவைத் திறந்து, அப்படியே பின்பக்கமாக உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பினால் போதும். ஒரு தலையணை வைத்தால் ராஜ சிம்மாசனம்.

சிம்மாசனத்துக்கு ஒரு குறை. அவள் பக்கத்துக் கதவின் உள்கைப்பிடி உடைந்து போயிருந்தது. வெளியில் இருந்துதான் திறக்க முடியும். வெகுநாளாகவே அப்படி. "நான்தான் எறங்கி வந்து திறந்துவிடுதேன்ல, மகாராணி மாதிரி" என்று சொல்லியே அதைச் சரிசெய்யாமல் ஓட்டினேன்.

வாரத்துக்கு மூன்று நாள் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போக வேண்டும். அங்கே காலுக்குப் பயிற்சி கொடுக்கிற ஒரு அம்மா இருந்தார். காலையில் அவருக்கு ஆஸ்பத்திரி வேலை. எங்களுக்குக் கொடுத்தது பதினொரு மணி. முதல் நாளே என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "சார், இந்த மூணு மாசம்தான் இந்தக் கால் நாம சொல்றதைக் கேட்கும். விட்டுட்டீங்கன்னா பொறவு அது சொல்றதை நாம கேட்கணும். இழுத்து இழுத்துத்தான் நடப்பாங்க." நான் வழக்கம்போல, "எங்க வீட்ல யாரு சொல்றதை யாரு கேக்கான்னு உங்களுக்குத் தெரியாதும்மா" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

பங்குனி போய்ச் சித்திரை வந்தது. பதினொரு மணி வெயிலில் அந்தக் காரின் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தால் அவிந்துவிடலாம். இடுப்பில் பெல்ட், அதற்குள் தையல் போட்ட இடம், அதற்குள் வேர்வை. ஒரு நாள் பாதி வழியில் "கண்ணு இருட்டிக்கிட்டு வருதுங்க" என்று சாய்ந்துவிட்டாள். ஏ.சி.யைத் திருகினேன். பெட்டி உறுமியது. காற்று வந்தது, ஆனால் வெளியே அடித்த அனலுக்கு அண்ணன் முறை.

தென்காசி ரோட்டில் ஏ.சி. வேலை பார்க்கிற மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். நாற்பது வயது இருக்கும், பேச்சு குறைவு. வண்டியின் பானெட்டைத் திறந்து, இரண்டு வட்டமான மீட்டரைக் குழாயில் மாட்டிப் பார்த்தார்.

"கேஸு அடிக்கணும் தம்பி. தீந்து போச்சு" என்றேன் நான். வியாதியை நாமே சொல்லிவிட்டால் வைத்தியம் சீக்கிரம் முடியும் என்பது என் கொள்கை.

"தீரலை அண்ணாச்சி. அதெல்லாம் கணக்காத்தான் இருக்கு. சூட்டை வெளிய தள்ள மாட்டேங்குது. முன்னாடி கிரில்லைக் கழட்டிப் பாத்தாத்தான் தெரியும். நாளைக்கு வண்டிய விட்டுட்டுப் போங்க."

"கிரில்லையா? அந்த கிளிப்பு இப்ப எங்கயும் கிடைக்காதுய்யா. உடைஞ்சா வண்டிக்குப் பல்லு போன மாதிரி ஆயிரும்."

"உடையாம எடுப்பேன்."

"நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரு போகணும் தம்பி. செத்த நேரத்துல முடியாதா? கொஞ்சம் கேஸ மட்டும் அடிச்சு விடேன்."

"கேஸு அடிக்க மாட்டேன் அண்ணாச்சி" என்று மீட்டரைக் கழற்றினார்.

அடிக்க மாட்டேன் என்றால் விட்டுவிடுவோமா? சேத்தூர்ப் பக்கம் ஒருவர் கேட்டதைக் கேட்டபடி அடித்துக் கொடுப்பார் என்று கேள்விப்பட்டுப் போனேன். மீட்டர், கீட்டர் ஒன்றும் மாட்டவில்லை. "போதுமா?" என்று என்னைக் கேட்டார், நான் ஏதோ இட்லிக்குச் சாம்பார் ஊற்றுகிற மாதிரி "இன்னும் கொஞ்சம்" என்றேன். இரண்டு நாள் கழித்து மறுபடி போய் இன்னும் கொஞ்சம். வண்டி ஓடும்போது லேசாகக் குளிர்ந்தது. "குளிருதுல்ல?" என்று கேட்டேன். "ம்" என்றாள். "நல்லா குளிருதுல்ல?" "நீங்க சொன்னா சரி. போர்வை கொண்டு வந்திருக்கலாம்" என்று முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அதுதான் அந்தக் காரில் அவள் அடித்த கடைசிக் கேலி.

அடுத்த முறை போகும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில்வே கேட் மூடியிருந்தது. முன்னால் ஒரு லாரி, பக்கத்தில் பைக்குகள், கைச்சக்கரத்தைச் சுற்றிவிட்டு நிழலில் நிற்கிற கேட்காரர். வெள்ளரிக்காய் விற்கிற ஒரு பொம்பளை கூடையோடு வண்டி வண்டியாக எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தாள். நான் என்ஜினை அணைக்கவில்லை, அணைத்தால் ஏ.சி. நின்றுவிடுமே. டிரங்குப் பெட்டியின் உறுமல் கூடிக்கொண்டே போனது. நான் அதை ஆரோக்கியம் என்று எடுத்துக்கொண்டேன்.

'டப்' என்று ஒரு சத்தம். அப்புறம் 'ஸ்ஸ்ஸ்' என்று குக்கர் போல ஒரு நீளமான சத்தம். பானெட் இடுக்கில் இருந்து வெள்ளையாகப் புகை கிளம்பியது. டேஷ்போர்டுக்குக் கீழே இருந்தும் வந்தது.

ஐம்பத்திரண்டு வருஷ விஞ்ஞானம் ஒரே நொடியில் எனக்குப் பாடம் எடுத்தது. கேஸு. சிலிண்டர். பக்கத்தில் பைக்கின் சூடான சைலன்சர். அடுத்தது என்ன என்று யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் ரோட்டில் நின்று "கேஸு! கேஸு! வெடிக்கப் போகுது, எல்லாரும் ஓடுங்க!" என்று கத்தியதைக் கேட்டுப் பத்துப் பேராவது ஓடினார்கள். பால் கேனோடு நின்ற ஒருவர் பைக்கைச் சாய்த்துப் போட்டுவிட்டு ஓடினார். அந்த பைக்குக்குப் பின்னால்தான் நான் உட்கார்ந்திருந்தேன். கேன் என்னைக் காப்பாற்றும் என்று ஒரு கணக்கு. ஓட்டத்தில் ஒரு செருப்பு எங்கோ போயிருந்தது.

ஓடாதவள் வெள்ளரிக்காய்க்காரி ஒருத்திதான். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், திரும்பக் காரைப் பார்த்தாள்.

"ஏலே! பொண்டாட்டிய உள்ள வச்சுட்டு நீ எங்கலே ஓடுத?"

என்னை ஒருவர் 'ஏலே' என்று கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும். கோபம்கூட வரவில்லை.

அவள் போய்க் கதவைத் திறந்தாள். வெளியில் இருந்து சுலபமாகத் திறந்துவிட்டது. "எறங்குதியா தாயி?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. "ஒத்தையா எறங்க முடியாதும்மா, காலு" என்று என் மனைவி சொன்னதும் விழுந்தது. அதற்குள் புகை பாதியாகி, சத்தமும் அடங்கி, வண்டியே அமைதியாகிவிட்டிருந்தது. என்ஜின் நின்றிருந்தது. என் மனைவிதான் கையை நீட்டி, இடுப்பை வளைக்கக் கூடாத உடம்பை வளைத்து, நடுவில் இருந்த சாவியைத் திருப்பியிருக்கிறாள். வெள்ளரிக்காய்க்காரி தன் முந்தானையால் அவள் முகத்துக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

எழுந்தேன். திரும்பிப் போக வேண்டும். வெறுங்கையோடு எப்படிப் போவது? ஓரத்துப் பெட்டிக்கடையில் ஒரு தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டேன். பொய்க்கும் கையில் ஒரு சாட்சி வேண்டாமா?

"தண்ணி வாங்கத்தான் ஓடுனேன்" என்று நீட்டினேன்.

வெள்ளரிக்காய்க்காரி "க்கும்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். என் மனைவி பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தாள். மூடியைத் திருகினாள்.

"சரி" என்றாள்.

அன்றைக்குப் பயிற்சிக்குப் போகவில்லை. அந்தக் காரில் மறுபடி உட்கார எனக்குத் துணிச்சல் வரவில்லை, ஆகவே காரை ஓரமாகத் தள்ளச் சொல்லிவிட்டு அவளை ஆட்டோவில் கூட்டிவந்தேன். வழி முழுக்கக் குழி. ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. மறுநாள் தென்காசி ரோடு மெக்கானிக் போய் அதே காரைச் சாவகாசமாகத் தன் பட்டறைக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். ஏ.சி.தான் போயிருந்தது, கார் நன்றாகத்தான் இருந்தது.

அதற்குள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் கதை வளர்ந்துவிட்டது. செட்டியார்பட்டிக்குப் போகிற வழியில்தான் எங்கள் வீடு; கொட்டகையில் பேண்டேஜ் துணி நெய்கிற பத்துத் தறி எனக்கு. தறிச் சத்தத்தில் எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும்; கத்திச் சொல்லும்போது கதை தானாகப் பெரிதாகிவிடுகிறது. முதலில் "தண்ணி வாங்க ஓடுனேன்" என்றுதான் ஆரம்பித்தேன். மத்தியானத்துக்குள் நான் அவளைக் கதவைப் பிய்த்து இறக்கியிருந்தேன். சாயங்காலத்தில் தூக்கிக்கொண்டு ஓடியிருந்தேன். ஆபரேஷன் செய்த இடுப்பை அப்படித் தூக்கினால் என்ன ஆகும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நல்ல ஜனங்கள்.

தறி ஓட்டுகிற பெண் ஒருத்தி வீட்டுக்குள் வந்து விசாரித்தாள். நான் அடுக்களையில் இருந்தேன்.

"மதினி, அண்ணாச்சி உங்களத் தூக்கிட்டு ஓடுனாகளாமே?"

கட்டில் கிரீச்சிட்டது. பிறகு என் மனைவியின் குரல்.

"ஆமா. அவிய தூக்கிட்டுத்தான் ஓடுனாவ."

அவள் என்னை நாலு வார்த்தை கேட்டிருந்தால் நான் ஒரு நகைச்சுவை சொல்லித் தப்பியிருப்பேன். மானத்தைக் காப்பாற்றிவிட்டாளே, அதற்கு என்ன பதில் சொல்வது? கையில் பிடித்த டம்ளரை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை எனக்கு.

அடுத்த பயிற்சி நாள் வந்தபோது "வரலை" என்றாள். அதற்கடுத்த நாளும். கார் பட்டறையில் இருக்கிறது என்று நானும் சாக்குச் சொன்னேன். மூன்றாவது நாள் ஸ்ரீவில்லிபுத்தூர் அம்மா போன் செய்தார். "சார், ஏற்கனவே சொன்னேன். இப்ப விட்டா இறுகிடும்." அவளிடம் சொன்னேன்.

"இறுகுனா இறுகட்டும்" என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். வாக்கரை எடுத்துக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டாள்.

பயந்துபோனேன். என் வழக்கமான பயம் இல்லை இது. வழக்கமான பயத்தில் நான் ஓடுவேன். இதில் ஓட இடமில்லை.

பட்டறையில் போய் நின்றேன். மெக்கானிக் கிரில்லைக் கழற்றி வைத்திருந்தார். கிளிப் ஒன்றுகூட உடையவில்லை. "வாங்க அண்ணாச்சி, இதப் பாருங்க" என்று கூப்பிட்டார்.

ரேடியேட்டருக்கு முன்னால் வலை மாதிரி இருக்க வேண்டிய ஒன்றைக் காட்டினார். சூட்டை வெளியே தள்ளுகிற கன்டென்சர் அதுதானாம். எனக்கு வலை தெரியவில்லை. வெள்ளையும் சாம்பலுமாக ஒரு கம்பளி தெரிந்தது. ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தார். முழுசாக, தோசைபோல உரிந்து வந்தது. பஞ்சு.

"உங்க கொட்டகைப் பஞ்சுதான். வண்டிய எங்கன நிப்பாட்டுவீங்க?"

எங்கே நிறுத்துவேன்? நிழலுக்காகக் கொட்டகைச் சுவரோரம். தறித் தூசியை வெளியே தள்ளுகிற பெரிய மின்விசிறிக்கு நேர் எதிரே, மூக்கைக் காட்டிக்கொண்டு. அவள் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்த நாளெல்லாம் கார் அங்கேயே நின்று, பத்துத் தறி விடுகிற பஞ்சைப் பகலும் ராத்திரியுமாக முகத்தில் வாங்கியிருக்கிறது. நான் தினமும் உள்ளே தலையை விட்டு மோந்து பார்த்தேனே தவிர, ஒரு நாளும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

"இத வச்சு ஒரு தலகாணி தச்சிரலாம் அண்ணாச்சி" என்றார் மெக்கானிக். அவர் பேசிய ஒரே நகைச்சுவை. "சூடு வெளிய போக வழியில்லை. நீங்க மேல மேல கேஸ அடிச்சிருக்கீங்க. கேட்டுல நிக்கயில காத்தும் இல்லை. ஹோஸு பழசு, பிச்சுக்கிட்டுப் போயிட்டு."

"தீப்பிடிச்சிருந்தா?"

"எதுக்குப் பிடிக்கு? இது என்ன அடுப்புக் கேஸா? குப்புனு வந்து, செத்த நேரத்துல காத்தோட போயிரும். நீங்க பேசாம உள்ள உக்காந்திருந்தாக்கூட ஒண்ணும் ஆயிருக்காது." கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆமா, மதினியத் தூக்கிட்டு ஓடுனீங்களாமே?"

கதை தென்காசி ரோடுவரை வந்துவிட்டிருந்தது. "ஹோஸ மாத்திரு தம்பி" என்றேன்.

புது ஹோஸ் போட்டார். கன்டென்சரைத் தண்ணீரால் கழுவி, வளைந்த தகடுகளைச் சின்னச் சீப்பால் சீவி நிமிர்த்தினார். மீட்டரைப் பார்த்துப் பார்த்து அளவாகக் கேஸ் அடித்தார். பெட்டிக்கு முன்னால் கையை வைத்தேன், விரல் சில்லிட்டது.

"இன்னொரு வேலை இருக்கு. அந்தப் பக்கத்துக் கதவுக்கு உள்கைப்பிடி போடணும்."

"அது ஏ.சி. வேலை இல்லையே அண்ணாச்சி."

"போடுய்யா."

என் முகத்தைப் பார்த்தார். எங்கோ ஒரு பழைய கைப்பிடியைத் தேடி எடுத்து, அரத்தால் தேய்த்து மாட்டிக் கொடுத்தார்.

காரை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனேன். மின்விசிறிக்கு எதிரே இல்லை, வாசலில். அவள் படுத்திருந்தாள். ஏ.சி. சரியாகிவிட்டது, பஞ்சு, தலையணை, தோசை, எல்லாவற்றையும் அபிநயத்தோடு சொன்னேன். பிள்ளையாருக்கு இனிமேல் ஊதுபத்தி காட்டலாம் என்றேன். அவள் சிரிக்கவில்லை. முடிந்ததும் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எறங்குறதுக்கு முன்னாடி என் பக்கம் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பதறிப்போய் மறந்துவிட்டேன் என்றால் யாரும் நம்புவார்கள். என்னைத் தெரிந்தவர்கள் நிச்சயம் நம்புவார்கள். அவள்கூட நம்பத் தயாராகத்தான் கேட்டாள் என்று நினைக்கிறேன். நாக்கு நுனியில் அது தயாராக நின்றது.

"பாத்தேன்" என்றேன்.

அவள் மெல்லப் புரண்டு எழுந்து உட்கார்ந்தாள். பிறகு, "வாக்கரை எடுங்க" என்றாள்.

காரில் உட்கார்ந்ததும் நான் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்து புதுக் கைப்பிடியை இழுத்தாள், கதவு திறந்தது. சாத்தினாள். மறுபடி திறந்தாள். மூன்று தடவை. அப்புறம், "போலாம்" என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ச் சேரும்வரை ஏ.சி. சத்தம் மட்டும்தான். தவறவிட்ட நாட்களைக் கால் மன்னிக்குமா என்று கேட்டேன். பயிற்சி கொடுக்கிற அம்மா, பார்க்கலாம் என்றார். இப்போது கம்பு இல்லாமல் நடக்கிறாள். சாயங்காலமானால் வலது காலைக் கொஞ்சம் இழுக்கிறாள். விட்டுப்போன அந்த நாட்களால்தானா, இல்லை எப்படியும் இப்படித்தான் இருந்திருக்குமா, தெரியாது என்கிறார்கள்.

கொட்டகையில் இன்னமும் தூக்கிக்கொண்டு ஓடிய கதைதான் ஓடுகிறது. ஆகவே இதை இங்கே எழுதி வைக்கிறேன். ஹோஸ் வெடித்தது. நான் இடப்பக்கம் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அவள் கதவு உள்ளிருந்து திறக்காது என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. என் கதவைத் திறந்து இறங்கி, நாற்பதடி ஓடினேன்.